இரவல் உயரங்கள்: திருகோணமலை மாவட்டத்தில் கம்பியற்ற இணையமும் அனுமதிப் பிரச்சினையும்

திருகோணமலையின் சரித்திரத்தை உயரங்களின் சரித்திரம் என்று கூறினாலும் பெரிதும் தவறாகாது. சுவாமி மலை என்று சைவர்கள் வணங்கும் செங்குத்தான பாறையின்மேல் நின்ற கோணேசர் ஆலயத்தை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர் என்பதும், உள்துறைமுகத்தின் வாயிலைக் காக்கும் பொருட்டு ஒல்லாந்தர் ஒஸ்டன்பேர்க் குன்றில் இன்னொரு கோட்டை வகுத்தனர் என்பதும், பின்வந்த பிரித்தானியர் இரண்டையும் கைக்கொண்டு பீரங்கிகளை நிறுத்தினர் என்பதும், நீர்ப்பரப்பைவிட அதனை நோக்கி நிற்கும் மேட்டையே ஆட்சியாளர் பெரிதென மதித்தனர் என்பதைக் காட்டும். இன்று கிராமங்களுக்குக் கம்பியற்ற இணையத்தைக் கொண்டு செல்ல விரும்புவோருக்கும் அதே வகை உயரங்களே தேவைப்படுகின்றன. ஆனால் அவர்கள் வேண்டுவது மேடு முழுவதையும் அன்று, ஒரு சுளகின் அளவைத் தாண்டாத தட்டு அன்ரெனாவைப் பொருத்துவதற்கு ஒரு முழ இடத்தை மாத்திரமே. அந்த ஒரு முழத்தை யாரிடம் கேட்பது, எந்த நியாயத்தின் பேரில் கேட்பது, பெற்றபின் எந்த நிபந்தனையோடு வைத்திருப்பது என்பனவே இக்கட்டுரையின் விசாரணைக்கு உரியவை.

முதலில் உயரம் ஏன் வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். அனுமதிப்பத்திரம் பெறாத சிறு கருவிகள் இயங்கும் 5.8 கிகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், அனுப்பும் அன்ரெனாவும் பெறும் அன்ரெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்; அதுமட்டுமன்றி, இரண்டுக்கும் இடைப்பட்ட பார்வைக்கோட்டைச் சூழ்ந்து, நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய ஒரு வெளியும் தடையின்றி இருக்க வேண்டும். சுவாமி மலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர்க் கரை சுமார் 14 கிலோமீற்றர். அத்தூரத்துக்கு அவ்வெளியின் அரைவிட்டம் நடுவழியில் ஏறத்தாழ 13 மீற்றர். அதில் ஐந்தில் மூன்று பங்கேனும் விலகியிருத்தல் அவசியம் என்பது பொறியியலாளர் கொள்ளும் விதி. பூமியின் வளைவுக்காக இன்னும் 3 மீற்றரைக் கூட்டினாலும், இரு கரையிலும் 15 மீற்றர் உயரம் கிடைத்துவிட்டால் குடாவைத் தாண்டிவிடலாம். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரையில் மனிதருக்குப் பெருந்தடையாகக் கிடந்த நீர், வானலைக்கு மிகவும் இலகுவான பாதையாக இருப்பது ஒரு விநோதம். கடற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேரே வரும் அலையோடு மோதிச் சில வேளைகளில் அதனை அழித்துவிடுவது உண்டுதான். ஆயினும் வெவ்வேறு உயரத்தில் இரண்டு அன்ரெனாக்களை வைத்து அதனைச் சமாளிக்கும் முறை பழகிப்போன ஒன்று. தரையிலோ நிலைமை வேறு. தோப்பூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும், திரியாய்க்கும் உட்புறக் குடியேற்றங்களுக்கும் இடையே நிற்கும் தென்னையும் பனையும் காட்டு மரங்களும் 20 மீற்றர் வரை வளர்பவை. ஈரம் நிறைந்த இலைகளை இந்த அலைவரிசை ஊடுருவாது. ஆகையால் 10 கிலோமீற்றர் தூரத்துக்கே 28 அல்லது 30 மீற்றர் உயரம் வேண்டியதாகிறது.

அத்தகைய உயரத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாகாதா என்று கேட்கலாம். கட்டலாம், ஆனால் அங்கேதான் கணக்கு உடைகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் கங்கைச் சமவெளியில் சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டு பல கிலோமீற்றர் தூர இணைப்புகளை அமைத்துப் பார்த்தபோது, கருவியின் விலை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வர, அதனைத் தாங்கும் இரும்புக் கோபுரத்தின் விலையே மொத்தச் செலவை ஆட்கொண்டு நின்றதைக் கண்டனர். நேபாளத்தின் நாங்கி கிராமத்து ஆசிரியர் மகாபீர் புன், பின்னாளில் 2007ஆம் ஆண்டின் மகசேசே விருதைப் பெற்றவர், தமது ஆரம்ப இணைப்புகளுக்கு மலைமுகட்டு மரங்களிலேயே அன்ரெனாவைக் கட்டினார் என்பதும் இதே காரணத்தினால்தான். மலை இல்லாத கரையோர மாவட்டத்தில், ஏற்கெனவே யாரோ ஒருவர் வேறு எதற்காகவோ எழுப்பிய உயரங்களை இரவல் கேட்பதன்றி வேறு வழி குறைவு.

இரவல் கேட்கத்தக்க உயரங்கள் திருகோணமலையில் இல்லாமல் இல்லை. உண்மையில் இலங்கையின் வேறு பல மாவட்டங்களைவிட இங்கு அவை அதிகம். பிரச்சினை யாதெனில், மிக உயர்ந்தவை எல்லாம் மிகத் தூரத்திலுள்ள எசமானர்களுக்கு உரியவை. சீனக்குடாவில், 1977ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் வழியே சிங்கப்பூர் நிறுவனமொன்று நிறுவிய பிறிமா மா ஆலையின் தானியக் களஞ்சியங்கள் துறைமுகத்தின் எப்பக்கத்திலிருந்தும் தென்படுவன. அமெரிக்காவின் மத்திய சமவெளிகளில் கிராமிய இணைய நிறுவனங்கள் தானியக் களஞ்சியங்களின் உச்சியைத்தான் தமக்கு மூலாதாரமாகக் கொண்டுள்ளன. அங்கே களஞ்சியத்துக்கு உரியவர் அதே ஊரின் கூட்டுறவுச் சங்கமாகவோ அயல் விவசாயியாகவோ இருப்பதால், அவருடைய வீட்டுக்கு இலவச இணைப்பு என்ற ஒரே வாக்கில் பேரம் முடிந்துவிடுகிறது. சீனக்குடாவின் நிலை அதுவன்று. முடிவெடுப்போர் கொழும்பிலோ கடல்கடந்தோ இருப்பர். மாத்தூள் நிறைந்த காற்று ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியதாகையால், மின்சாரக் கருவி எதனையும் அனுமதிப்பதற்கு முன் காப்புறுதியாளரின் சம்மதத்தையும் அவர்கள் தேட நேரும். மூதூர்ப் பாடசாலை ஒன்றின் இணைப்பினால் ஆலைக்கு வரும் ஆதாயமும் ஒன்றுமில்லை.

நிலாவெளிக்கு வடக்கே ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல 1980களில் அமைத்து, 2010களின் தொடக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்துச் சென்ற அஞ்சல் நிலையத்தின் நெடிய கோபுரங்களைப் பார்த்து ஆசைப்படாத இணைய ஆர்வலர் இருக்க முடியாது. அந்த ஆசையும் பெரும்பாலும் வீணே. மத்திய அலை ஒலிபரப்பில் கோபுரம் அன்ரெனாவைத் தாங்கும் கம்பமன்று, கோபுரமே அன்ரெனா. அடியில் பீங்கான் காப்பின்மேல் நின்று, உடல் முழுவதும் மின்னலை ஓட நிற்கும் அதன்மீது ஏறி ஒரு சிறு கருவியைக் கட்டுவது, ஒலிபரப்பு நிறுத்தப்பட்ட வேளையிலன்றி உயிருக்கே ஆபத்து. கட்டினாலும், பல நூறு கிலோவாற்று வலுவின் அருகில் ஒரு வாற்றுக்கும் குறைந்த கருவி தன் வேலையைச் செய்யுமென்று எதிர்பார்ப்பது பேராசை. சிற்றலைத் திரைகளைத் தாங்கும் கோபுரங்கள் அவ்வளவு கடினமானவை அல்லவெனினும், அலைநெருக்கம் என்ற தடை அங்கும் உண்டு.

கொட்டியாரக் குடாவின் கீழ்முனையில் பிரித்தானியர் கட்டிய பழைய வெளிச்சவீடு, இருப்பிடத்தை மாத்திரம் கருதினால், குடாவின் தென்கரை முழுவதற்கும் அஞ்சலிடமாகத் தகும். ஆயினும் பழைய கட்டடங்களைத் தொடுமுன் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தையும், கரையோரத்தில் எதனைத் தொடுமுன்னும் கடற்படையையும் நினைவிற் கொள்ள வேண்டும். சுவாமி மலையிலுள்ள பிறெட்ரிக் கோட்டைக்குள் இன்றும் படைமுகாம் உண்டு. ஒஸ்டன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் அடங்கியது. சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் அதைச் சுற்றிய பரப்பில் எந்த உயரமும் விமானப் பாதையைப் பொறுத்து அளக்கப்படும். கோபுரமொன்றைப் புதிதாக நிறுத்த விரும்புவோர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, பாதுகாப்பு அமைச்சு, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, பிரதேச சபை என்று வாயில் வாயிலாக நிற்க வேண்டியிருப்பது யாவரும் அறிந்தது. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் உயரத்தைக் கூட்டாமல் ஒரு தட்டைப் பொருத்துவோருக்கு இச்சுமை பெரிதும் குறையும் என்பதும் இரவல் உயரத்தின் ஒரு சௌகரியம்.

இம்மாவட்டத்தில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் நினைவுகள் உண்டு என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. 2006இல் மாவிலாற்று மோதலில் தொடங்கி மூதூரும் சம்பூரும் போர்க்களமாகி மக்கள் ஊரைவிட்டு ஓடினர்; சம்பூர் மக்களிற் பலர் தம் காணிகளுக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஊர்களில் உயரமான கட்டடம் என்றால் அது நெடுங்காலம் காவலரணாகவும் கண்காணிக்கும் இடமாகவும் விளங்கிற்று. கருவியொன்றை மேலே ஏற்றும்போது அதிகாரி சந்தேகிப்பது ஒரு காரணத்தால், ஊரவர் சந்தேகிப்பது வேறொரு காரணத்தால். ஆகையால் பேச்சுவார்த்தை மாவட்டச் செயலகத்தில் தொடங்கினாலும் அங்கேயே முடிந்துவிடலாகாது. கிராம உத்தியோகத்தரும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது கமரா அன்று, யாருடைய பேச்சையும் பதிவு செய்வதன்று என்பதைக் கண்ணாற் பார்த்து அறியும்படி, ஏற்றுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டிவிடுதல் நல்லது. எத்தனையோ விண்ணப்பங்கள் சாதிக்காததை இந்த எளிய காரியம் சாதித்துவிடும் என்பது எமது அபிப்பிராயம்.

இனி, அரசாங்கத்துக்கு உரியவையாயினும் ஊரோடு ஒட்டி நிற்கும் தண்ணீர்த் தாங்கிகளைக் கருதலாம். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தாங்கிகள் குடியிருப்புகளின் நடுவே, உறுதியான கொங்கிறீற்றுக் கால்களின்மேல், ஏணியோடும் மின்சாரத்தோடும் நிற்கின்றன. கம்பியற்ற இணையத்துக்கென்றே சிந்தித்து எழுப்பியிருந்தாலும் இதனினும் பொருத்தமாக அமைந்திராது. சபையின் பொறியியலாளர் எழுப்பக்கூடிய ஆட்சேபங்கள் இரண்டு, இரண்டும் நியாயமானவை. குடிநீருக்கு மேலே அந்நியர் ஏறி இறங்குவதை அவர் விரும்பார். கொங்கிறீற்றில் துளையிடுவதையும் விரும்பார், ஏனெனில் உப்புக்காற்று வீசும் கரையில் துளையின் வழியே புகும் ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து சில ஆண்டுகளில் தாங்கியையே வெடிக்கச் செய்யும். துளையிடாமல் பட்டைகளைச் சுற்றி இறுக்கும் தாங்குசட்டமும், சபையின் ஊழியர் உடனிருந்தாலன்றி ஏறுவதில்லை என்ற உறுதியும் முதற் கடிதத்திலேயே எழுதப்பட்டிருந்தால், பொறியியலாளர் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். காற்றைப் பற்றிய கேள்வி எழுமாயின் அதற்கும் கணக்கு உண்டு. 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள தட்டின்மேல், 1964 டிசெம்பரில் திருகோணமலைக் கரையைத் தாக்கிப் பின்னர் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி போன்ற காற்று மோதினாலும், அது தள்ளும் விசை வளர்ந்த ஒரு மனிதரின் எடையளவாகவே இருக்கும்.

பள்ளிவாசல் மினாராக்களும் தேவாலய மணிக்கோபுரங்களும் கோயிற் கோபுரங்களும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. இங்கே கேள்வி பொறியியலில் முடிவதில்லை. இங்கிலாந்தின் அநுபவம் இவ்விஷயத்தில் ஆராயத்தக்கது. நோர்விச் மறைமாவட்டம் 2011இல் தன் தேவாலயக் கோபுரங்களிலிருந்து கிராமங்களுக்கு இணையம் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. 2018 பெப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையும் அரசாங்கமும் தேவாலயக் கோபுரங்களை இதற்குப் பயன்படுத்துவதை ஊக்குவிக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்னரே ஒரு வழக்கு நடந்துவிட்டது. லண்டனைச் சார்ந்த சிங்ஃபோர்ட் தேவாலயத்தில் கைத்தொலைபேசிக் கருவிகளைப் பொருத்தச் செல்ம்ஸ்ஃபோர்ட் மறைமாவட்ட நீதிமன்றம் 2006இல் மறுத்தது. ஆபாசப் படங்களும் அவ்வழியே செல்லும், அதற்குத் தேவாலயம் துணைபோகலாகாது என்பது காரணம். மேல்முறையீட்டில் ஆர்ச்சஸ் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒரு பொதுச் சாதனத்தைச் சிலர் துர்விநியோகம் செய்வதனால் அது வழங்கும் பொதுநன்மை முழுவதையும் மறுக்கலாகாது என்பதே அம்மாற்றத்தின் சாரம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே ஆட்சேபம் எழும் என்பதில் ஐயமில்லை; அதனை அறியாமை என்று இகழ்வது பெரும் பிழை. பள்ளிவாசல் நிருவாகத்தினர் தமக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு புனிதச் சொத்தைக் காப்பவர். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின்படி வக்பு சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டவர். ஊர் மதிக்கும் மௌலவியின் சம்மதமும், நம்பிக்கைப் பொறுப்பாளரின் கையொப்பமும், இரண்டும் வேண்டும். முன்னது இன்றிப் பின்னது நிலைக்காது, பின்னது இன்றி முன்னது சட்டத்தின்முன் நிற்காது. ஆயினும் மினாராவுக்கு ஒரு விசேட அநுகூலம் உண்டு. அதானை ஒலிக்கும் ஒலிபெருக்கிகள் அங்கே எப்போதோ ஏறிவிட்டன. அவற்றுக்கான இரும்புச் சட்டமும் மின்கம்பியும் மேலேறும் படியும் தயாராக உள்ளன. மின்சாதனத்தை மினாராவில் வைப்பதா என்ற தர்க்கத்தை அவ்வூர் பெரியோர் முன்னைய தலைமுறையிலேயே தீர்த்துவிட்டனர். புதிய சாதனம் அந்தச் சட்டத்துக்குக் கீழே, ஒலிபெருக்கியின் அளவைத் தாண்டாமல், ஒரே நிறத்தில் இருக்குமாயின் கேள்வி பாதி குறையும்.

சைவாலயங்களில் இந்த வழி செல்லாது என்றே நினைக்கிறோம். இராசகோபுரம் தெய்வ வடிவமாகவே வணங்கப்படுவது. கலசத்துக்கு அருகில் இடிதாங்கியைத் தவிர வேறொன்று நிற்பதை ஆகம முறை அறிந்தோர் ஒப்பார், ஒப்பவேண்டும் என்று வற்புறுத்துவதும் அழகன்று. 1963இல் குடமுழுக்குக் கண்டு மீண்டெழுந்த கோணேசர் ஆலயத்தைச் சுற்றி அப்படி ஒரு யோசனையை முன்வைப்பவர் தம் திட்டத்தையே கெடுத்துக்கொள்வார். ஆனால் ஆலயத்தின் வெளிவீதியில் நிற்கும் அன்னதான மடமும் கலாசார மண்டபமும் பரிபாலன சபைக்கு உரியவை. அவற்றின் மாடிக்கூரையைக் கேட்பதில் யாருக்கும் மனவருத்தம் உண்டாக ஏதுவில்லை. எதனைக் கேட்கக்கூடாது என்பதை முன்பே அறிந்திருப்பவனுக்குக் கேட்பது எளிதாகிறது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கோபுரங்களே எல்லாவற்றினும் பொருத்தமானவை என்பது வெளிப்படை; சிறியவருக்கு எட்டாதவையும் அவையே. வாடகை அவற்றின் தொழில். தமக்குப் போட்டியாக வரக்கூடியவருக்கு இடம் கொடுக்க அவை விரும்புவதில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அனுமதிப்பத்திரம் இன்றித் தொலைத்தொடர்பு முறைமையை நடத்துவதைத் தடுக்கிறது. ஆதலால் ஊர்ச் சங்கமொன்று தானாகவே இணையம் விற்க முடியாது, அனுமதி பெற்ற நிறுவனமொன்றின் நிழலில்தான் இயங்க வேண்டும். அனுராதபுர மாவட்டத்து மகாவிலச்சிய கிராமத்தில் 2006ஆம் ஆண்டளவில் வீடுகளைக் கம்பியற்ற வலையாற் பிணைத்த முயற்சி நாடெங்கும் பாராட்டப்பட்டும், நூறு கிராமங்களில் அது பரவாமற் போனதற்கு இந்தச் சட்ட நெருக்கமும் ஒரு காரணமாதல் கூடும். பிற்காலத்தில், இரத்தினபுரியில் தொடங்கி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்திய கிராமத்துக்குத் தொடர்பாடல் திட்டம், ஒரே கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்ற கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொதுநிதியால் எழும் கோபுரத்தில் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்குமென ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு அக்கொள்கை நல்ல அடிப்படையாகும். கேட்டவர்கள் போதாது என்பதே எமது குறை.

சம்மதம் கிடைத்த பின்னரே உண்மையான சிரமம் தொடங்குகிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளரும் 2000களின் நடுப்பகுதியில் சேர்ந்து, கிராமக் கண் பரிசோதனை நிலையங்களை நெடுந்தூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தனர். நோயாளி தம் ஊரிலிருந்தே மருத்துவருடன் முகம் பார்த்துப் பேச முடிந்தது. அத்திட்டத்தார் பின்னர் எழுதிவைத்த அநுபவத்தில், வானலையைவிட மின்சாரமே அவர்களை அதிகம் துன்புறுத்தியது; தாழ்ந்தும் உயர்ந்தும் வரும் மின்னழுத்தத்தால் கருவிகள் பழுதடைந்தன, பழுதை இன்னதென்று அறியத் தெரிந்தவர் ஊரில் இருக்கவில்லை. கருவி எரிந்த இரவில் மேலேறும் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது, எந்த ஒப்பந்தத்தின் முதல் வரியிலும் எழுதப்பட வேண்டிய விஷயம். ஒக்டோபர், நவம்பரில் இடிமுழக்கத்தோடு மழை இறங்கி, வாடைக்காற்று நிலைக்கும் மார்கழி வரைக்கும் ஏணிகள் வழுக்கும் இக்கரையில், பழுது ஏற்படுவது பெரும்பாலும் ஏறக்கூடாத நாட்களிலேயே. கோயில் மடத்தின் காவற்காரரோ தாங்கியின் இயக்குநரோ கூடவந்து நிற்பதற்கு ஒரு சிறு கொடுப்பனவு எழுதப்பட்டிருந்தால் அது வாடகையினும் அதிகப் பலன் தரும்.

வாடகை என்ற பேச்சே கிராமத்தில் காரியத்தைக் கெடுப்பதுண்டு. பணம் என்றவுடன் அது யாருடைய கணக்கிற்குப் போகிறது என்ற வினா எழுந்து, சபை இரண்டாகப் பிரியும். இவ்வகைக் கருவிக்கு 10 வாற்றுக்கும் குறைந்த மின்சாரமே போதும், மாதம் ஏழு அலகு. அதனைச் சேவை நடத்துவோர் செலுத்திவிட்டு, கட்டடத்தாருக்கு ஓர் இணைப்பையும் அருகிலுள்ள பாடசாலைக்கு ஓர் இணைப்பையும் கொடுப்பதாக இருந்தால், பயன் எல்லாருக்கும் தெரியுமிடத்தில் நிற்கும். இதற்கு எதிராக ஒரு நியாயமும் உண்டு: பண்டமாற்றாகக் கொடுத்த சலுகையை அடுத்த தலைவர் மறந்துவிடுவார், எழுதிய வாடகையை நீதிமன்றம் மறக்காது. அதனால், பணம் பெயரளவில் இருந்தாலும், எவ்வளவு காலம், எத்தனை கிலோ, யார் திருத்துவது, யார் ஈடு செய்வது, முடிவில் யார் இறக்கிச் சுவரைப் பழையபடி பூசிக் கொடுப்பது என்பவை கடதாசியில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஆண்டுகள் கழிந்து துருப்பிடித்துத் தொங்கும் தட்டு, அடுத்து வருபவரின் விண்ணப்பத்துக்கு எதிராக அவ்வூரில் நிற்கும் சாட்சியாகிவிடும்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்துக்கும் ஓரிரு சொல் கூறவேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கருவி பல பத்து வாற்று வலுவில் இயங்க, இங்கே பேசப்படும் கருவி ஒரு வாற்றை எட்டுவதில்லை. அதிலும் தட்டு அந்த வலுவை வானத்தின் ஊடாகத் தூரத்திலுள்ள இன்னொரு தட்டை நோக்கியே குவிக்கிறது. அளவுமானியைக் கொண்டுவந்து ஊரவர் முன்னிலையில் அளந்து காட்டுவது, துண்டுப்பிரசுரங்கள் பலவற்றினும் நன்று.

இலங்கையில் 2024இல் அனுமதி பெற்று 2025இல் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க், இந்தப் பேச்சுவார்த்தைகளை எல்லாம் பழங்கதையாக்கிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். ஒரு வகையில் உண்மையே. வெருகலில் ஒரு பாடசாலை இணையத்தோடு இணைய, இனி 30 மீற்றர்க் கோபுரம் தேவையில்லை, வானத்தை நோக்கித் திறந்த ஒரு கூரை போதும். எனினும் அதன் கட்டணம் ஏழைக் குடும்பமொன்று தனித்துச் செலுத்தத்தக்கதன்று; ஒரு தட்டின் இணைப்பைப் பல வீடுகளுக்குப் பகிர வேண்டுமாயின் சட்டத்தின் அநுமதியும், பாடசாலையிலிருந்து அயல் வீடுகளை எட்டக்கூடிய ஓர் உயரமும் மறுபடியும் தேவைப்படும். உயரம் நூறடியிலிருந்து முப்பதடியாகக் குறைந்திருக்கும். பேச வேண்டியவர் பாதுகாப்பு அமைச்சின் செயலாளராக இராமல், அதிபராகவும் பள்ளிவாசல் தலைவராகவும் தண்ணீர்த் தாங்கியின் இயக்குநராகவும் இருப்பார். மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களும் இவர்கள் கையொப்பமிடத்தக்க ஒரே மாதிரியான சுருக்கமான படிவமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கி வைத்திருக்குமானால், ஒவ்வொரு ஊரும் முதலிலிருந்து வழக்காடத் தேவையிராது. அதனை எழுதுவதற்கு ஒரு சட்டத்தரணியும் ஒரு பொறியியலாளரும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.